விலைக்கு வாங்கிய நூல் யாருடையது?

காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையைப் புதுச்சேரி நேயர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. துணியும் செருப்பும் பாத்திரமும் குவிந்து கிடக்கும் அவ்வீதியோரத்தில், தரையில் விரிப்பிட்டுப் பழைய புத்தகம் விற்போரையும் பார்த்திருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே பழைய பிரெஞ்சு அகராதி ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். அதன் முதற் பக்கத்தில் ஒருவர் பெயர் எழுதியிருந்தது. அதை ஒரு கோடிட்டு அடித்துவிட்டு, கீழே வேறொருவர் தம் பெயரை எழுதியிருந்தார். நானும் அம்மரபைப் பின்பற்றி மூன்றாவதாக என் பெயரை எழுதிக்கொண்டேன். அந்த அகராதியை அச்சிட்ட நிறுவனம் இன்றும் இருக்கிறதா, மூடிவிட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய தேவையும் எனக்கில்லை. புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. ஆதலால் அது என்னுடையது.

இந்த எளிய எண்ணத்துக்குச் சட்டத்தின் ஆதரவும் உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தன் 14ஆம் பிரிவில், ஒருமுறை விற்கப்பட்ட படியை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படியாகவே கொள்ள வேண்டும் என்கிறது. அச்சிட்டவரின் உரிமை முதல் விற்பனையோடு அந்தப் படியை விட்டு நீங்குகிறது. பின்னர் அதனை வாங்கியவர் விற்கலாம், கொடுக்கலாம், மகளுக்குச் சீராகவும் அனுப்பலாம். ஞாயிற்றுச் சந்தையின் புத்தக வணிகம் இந்த ஒரு வரியின் நிழலில்தான் நடைபெறுகிறது என்று சொன்னாலும் மிகையாகாது.

இனி என் மைத்துனர் கதைக்கு வருகிறேன். அவர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நம் ஊரார் இத்தகையோரைச் ‘சொல்தா’ என்று சொல்லுவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரான்சில் வாழ்ந்துவிட்டு, மனைவியார் காலமான பின்பு 2021இல் முத்தியால்பேட்டைக்குத் திரும்பி வந்தார். அங்கிருந்த காலத்தில், தம் பெயரிலுள்ள கணக்கு ஒன்றின் வழியாக, இணையக் கடையொன்றில் பாட்டுகளும் மின்னூல்களும் வாங்கிச் சேர்த்திருந்தார். எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. திருட்டுப் படி ஒன்றுகூட இல்லை. படைவீரர் ஆதலால் ரசீதுகளையும் ஒழுங்காக வைத்திருந்தார்.

ஊர் வந்ததும் செய்ய வேண்டியவற்றைச் செய்தார். வங்கிக் கணக்கை மாற்றினார், முகவரியை மாற்றினார். கடைக் கணக்கிலும் நாட்டின் பெயரைப் பிரான்சிலிருந்து இந்தியா என்று மாற்றினார். அதற்கென்று ஓர் இடமிருந்தது, அதில் அழுத்தினார், அவ்வளவே. 2024இல் அவருடைய பழைய கணினி உயிரை விட்டது. புதியது வாங்கி, அந்தக் கணக்கினுள் புகுந்து, தம் பொருள்களை மீண்டும் பதிவிறக்கம் செய்யப் போனார். பட்டியலில் பாதிக்கு மேல் காணவில்லை. காணப்பட்டவற்றிலும் பலவற்றின் எதிரே, இது உங்கள் நாட்டில் கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தது.

“மாப்பிள்ளை, நான் காசு கொடுத்தது உண்மைதானே? ரசீது இதோ இருக்கிறது. அப்படியானால் பொருள் எங்கே?” என்று கேட்டார். நான் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவன். கணினி கற்றவன் அல்லேன். அவர் கேள்விக்கு விடை தேடப் போய் நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன். அவர் கணக்கு எந்தக் கடையில் என்பதைச் சொல்லப் போவதில்லை. பெரும்பாலான கடைகளின் ஒப்பந்தம் இவ்வகையில் ஒரே சாயலில்தான் இருக்கிறது.

முதலில், கடையில் நடைபெறுவது யாது? நாம் விலையைச் செலுத்தியதும், தொலைவிலுள்ள ஒரு பெருங்கணினியிலிருந்து கோப்பு ஒன்று நம் கருவிக்கு வந்து சேருகிறது. கோப்பு பூட்டப்பட்ட பெட்டி போன்றது. பெட்டி நம் வீட்டில் இருக்கும். சாவி நம் பெயரிலுள்ள கணக்கோடும், நாம் பதிந்துகொண்ட கருவியோடும் பிணைக்கப்பட்டிருக்கும். நூலைத் திறக்கும்போது, இக்கணக்குக்கு இந்நூலைப் படிக்க அனுமதி உண்டா என்று கருவி பார்த்துக்கொள்ளும். அனுமதி இருந்தால் எழுத்துகள் தெரியும். இல்லையேல் பெட்டி இருந்தும் பயனில்லை. வணிகர் இப்பூட்டினை டி.ஆர்.எம். என்ற மூன்றெழுத்தால் குறிப்பர். நாம் பூட்டு என்றே சொல்லிக்கொள்வோம்.

பூட்டு இல்லாத கோப்புகளும் உண்டு. பாட்டு விற்கும் கடைகள் பலவும் பூட்டை எப்போதோ நீக்கிவிட்டன. அத்தகைய கோப்பு ஒருமுறை நம் தட்டில் ஏறிவிட்டால், எத்தனை படி வேண்டுமாயினும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எந்தக் கருவியிலும் பாடும். ஆயின் பெட்டியைத் தொலைத்துவிட்டு மறுபடியும் கடைக்குப் போனால், இரண்டாம் முறை கொடுப்பது கடைக்காரரின் கடமையா, தயவா என்ற கேள்வி இங்கும் எழுகிறது. என் மைத்துனர் இழந்தவற்றில் பாட்டுகள் பூட்டில்லாதவை, நூல்கள் பூட்டுடையவை. பாட்டுகளை அவர் முன்பே வேறொரு தட்டில் படியெடுத்து வைத்திருந்தால், கணினி பழுதானதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கவே மாட்டார். கடையிலேயே இருக்கிறதே, எப்போது வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளலாமே என்று இருந்துவிட்டார். நம்மில் பலர் அப்படித்தான் இருக்கிறோம்.

அவருடைய ஒப்பந்தத்தை நான் முழுவதும் படித்தேன். கோடை விடுமுறையில் படிக்கத் தக்க நீளமுடையது அது. நிலம் வாங்குவோர் முன்னாளில் நொத்தேர் முன்னிலையில் எழுதிய பத்திரத்தையாவது ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டினார்கள். இதனை யாரும் படித்துக் காட்டுவதில்லை. அதில் கண்டது இது: கடையின் முகப்பில் ‘வாங்குக’ என்று எழுதியிருந்தாலும், விற்கப்படுவது நூலன்று, நூலைப் படிப்பதற்கான உரிமமே. அது கிரயப் பத்திரமன்று, குத்தகைச் சீட்டு. அக்குத்தகையும் கால எல்லை குறிக்கப்படாதது. வேறொருவருக்கு மாற்றித்தர இயலாதது. மீண்டும் பதிவிறக்கம் செய்துகொள்ளும் வசதி, பொருள் கடையில் இருக்கும்வரை, கணக்கு உரிய நாட்டில் இருக்கும்வரை.

நாட்டின் பெயர் ஏன் இடையில் வந்தது என்றால், பதிப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியே விற்கப்படுகிறது. ஒரு பிரெஞ்சு நாவலைப் பிரான்சில் விற்கும் உரிமையை ஒரு பதிப்பகம் கடைக்குத் தந்திருக்கும். இந்தியாவில் விற்கும் உரிமையை யாருமே தந்திருக்க மாட்டார்கள். அச்சு நூலாயின் இதனால் வாங்கியவனுக்கு இடையூறில்லை. அவன் அதனைப் பெட்டியில் வைத்துக் கப்பலேறி வந்துவிடலாம். மின்னூலோ ஒவ்வொரு முறையும் கடையிலிருந்தே வருவதாகக் கணக்கு. ஆதலால் வாங்குவோன் ஊர் மாறியதும் கடை கைவிரிக்கிறது. 1962இல் பிரான்சுடனான ஒப்பந்தம் உறுதி செய்யப்பட்ட போது, எந்நாட்டுக் குடிமக்களாக இருக்க விரும்புகிறீர்கள் என்று தீர்மானிக்க நம் ஊர் மக்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். என் மைத்துனரின் தந்தையார் அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்தெடுத்தவர். மகனிடம் இணையக் கடை இதே கேள்வியை ஒரு கட்டத்தை அழுத்தச் சொல்லிக் கேட்டது. தவணை ஒரு நாளும் தரவில்லை.

இது என் மைத்துனர் ஒருவருக்கு நேர்ந்த விபத்தாயின் வானொலியில் பேசத்தக்க பொருளாகாது. உலகெங்கும் இவ்வாறு நடந்திருக்கிறது. அவற்றுள் மிகவும் பெயர் பெற்றது 2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவில் நடந்தது. ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ என்னும் இரு நூல்களின் மின்பதிப்பை அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவிக்காகப் பலர் வாங்கியிருந்தனர். அப்பதிப்பை விற்பனைக்கு ஏற்றியவருக்கு அந்நாட்டில் விற்கும் உரிமை இல்லை என்பது பின்னரே தெரியவந்தது. உடனே அமேசான், வாங்கியவர்களின் கருவிகளுக்குள் இருந்த படிகளையும் தொலைவிலிருந்தே அழித்து, பணத்தைத் திருப்பித் தந்தது. அரசு பழைய ஏடுகளை அழித்துத் திருத்துவதைப் பற்றிய நாவல் ‘1984’, அழிக்கப்பட்டதும் அந்நாவலே. ஆர்வெல் நம் பீகாரில், மோதிகாரியில் 1903இல் பிறந்தவர் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

பணம் திரும்பியது, ஆயினும் ஒரு மாணவர் வழக்குத் தொடுத்தார். பள்ளிப் பாடத்துக்காக அந்நூலில் அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள் நூல் போனதால் பொருளற்றுப் போயின என்பது அவர் முறையீடு. அமேசானின் தலைவர் ஜெஃப் பெசோஸ் தம் நிறுவனம் செய்தது அறிவின்மை என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு செப்டம்பரில், விரும்பியவர்களுக்கு நூலைக் குறிப்புகளோடு மீட்டுத் தரவும் முன்வந்தார்கள்.

இதனைப் படித்தபோது எனக்கு 1928ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு பாரதியாரின் தேசியப் பாடல் நூல்கள் தடை செய்யப்பட்டன; சென்னையில் காவலர் படிகளைப் பறிமுதல் செய்தார்கள்; சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து வாதாடினார். ஆங்கில அரசின் கை நீளமானது. ஆயினும் ஒரு நூலைப் பறிப்பதற்கு அதன் காவலர் ஒருவர் நடந்து வந்து கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அரிசிப் பானைக்குள் இருந்த படி தப்பித்துக்கொள்ளும். இவ்வூரில் பத்தாண்டு வாழ்ந்த கவிஞரின் பாட்டுகள் தமிழர் நாவில் நின்றமைக்கு, வீடுகளில் சிதறிக் கிடந்த படிகளும் காரணமன்றோ? 2009இல் எந்த வீட்டுக் கதவையும் யாரும் தட்டவில்லை. அமேசான் அரசும் அன்று. தடை விதிக்கும் நோக்கமும் அதற்கில்லை. அதனாலேயே இச்செய்தி எனக்கு அதிக அச்சம் தருகிறது. கெட்ட எண்ணம் இல்லாத ஒரு வணிகர், ஒரு தவற்றைத் திருத்தப் போய், ஒரே நாளில் செய்து முடித்துவிட்ட காரியம் அது.

கடையே மூடப்பட்டால் என்னவாகும்? 2019 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூல் விற்பனையை நிறுத்தியது. அவ்வாண்டு ஜூலை முதல், வாங்கிய நூல்களும் திறக்கவில்லை. விலை முழுவதையும் திருப்பித் தந்தார்கள், குறை சொல்வதற்கில்லை. ஓரத்தில் குறிப்பெழுதி வைத்திருந்த வாசகருக்கு மட்டும் 25 டாலர் கூடுதலாகத் தந்தார்கள். ஒரு மனிதன் தன் நூலின் ஓரத்தில் எழுதியதற்கு வணிக உலகம் விலை நிர்ணயம் செய்தது இதுதான் முதன்முறையோ என்று நினைத்துக்கொண்டேன்.

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. பிளிப்கார்ட் நிறுவனம் 2012இல் ‘பிளைட்’ என்ற பெயரில் பாட்டுக் கடையொன்றைத் திறந்தது. தனித்தனிப் பாட்டாகவும் தொகுப்பாகவும் சில ரூபாய்க்குப் பூட்டில்லாத கோப்புகளை விற்றது. காசு கொடுத்துப் பாட்டு வாங்கும் வழக்கத்தை நம்மவரிடையே இணையத்தில் உண்டாக்கிவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. திருட்டுப் படிகள் ஒரு புறம். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று சிறு தொகையை இணையத்தில் செலுத்துவதில் அக்காலத்தில் இருந்த தொல்லை மறு புறம். இவ்விரண்டையும் காரணம் காட்டி, ஓராண்டுக்குச் சற்று மேல் சென்றதும், 2013 ஜூன் 17இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஆயினும் வாங்கியவர்கள் தங்கள் பாட்டுகளை ஆகஸ்ட் 18 வரை பதிவிறக்கம் செய்துகொள்ளலாம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். இரண்டு மாதத் தவணை, பூட்டில்லாத கோப்பு. அத்தவணைக்குள் எடுத்துக்கொண்டவருடைய பாட்டு இன்றும் பாடும். கடை மறைந்து பன்னிரண்டு ஆண்டு ஆன பின்பும் அவருக்குக் குறைவில்லை. எடுக்காதவர் காசும் போயிற்று, பாட்டும் போயிற்று. அதே நிறுவனம் 2015 இறுதியில் மின்னூல் விற்பனையையும் கைவிட்டது; அப்போது வாசகர்களைக் கோபோ என்னும் கனடா நாட்டு மின்னூல் நிறுவனத்தின் பக்கம் மாற்றிவிட ஏற்பாடு செய்தது. நூல்கள் பூட்டுடையவை ஆதலால் இன்னொரு பூட்டுக்காரரிடம்தான் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவு பிறந்தது. மீண்டும் பதிவிறக்கம் செய்யும் உரிமை என்று நாம் சொல்லுவது, கடை உயிரோடிருக்கும் காலத்துக்கு மட்டும் பொருந்துவது. கடைக்கு ஆயுள் குறைவு. நூலுக்கு ஆயுள் அதிகம். ஆதலால் பொருளை நம் கைக்கு மாற்றிக்கொள்ள முடிகிறதா என்பதுதான் முதற் கேள்வி. மறுபடியும் தருவாரா என்பது இரண்டாவது. நாம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிடுகிறோம்.

அம்முதற் கேள்வியிலும் நாளுக்கு நாள் வழி குறுகிக்கொண்டே வருகிறது. கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி, கம்பி வழியாகக் கருவிக்கு ஏற்றும் வசதி நெடுங்காலமாக இருந்தது. 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான் அதனை நீக்கிவிட்டது. அக்கடை 2016 முதல் தமிழ் நூல்களையும் விற்பதால், இச்செய்தி தமிழ் வாசகரையும் எழுத்தாளரையும் நேரே தொடுவது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லுகின்றன? பிரான்சின் செய்தியை முதலில் சொல்லுகிறேன்; நம் ஊரில் பிரெஞ்சுக் கடைகளில் கணக்கு வைத்திருப்போர் அநேகர் உண்டல்லவா? கணினி விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ என்னும் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது, யு.எஃப்.சி. க்யூ ஷுவாசீர் என்னும் நுகர்வோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. வாங்கிய விளையாட்டை மறுபடி விற்க வாங்கியவருக்கு உரிமையுண்டு என்று 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுகர்வோர் மகிழ்ந்தனர். 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. 2024 அக்டோபரில் அந்நாட்டின் உச்ச மன்றமான கூர் தெ கசாசியோனும் மாற்றியதையே உறுதி செய்தது. மின்னூலைப் பற்றி ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே இவ்வாறுதான் சொல்லியிருந்தது. கோப்பு தேய்வதில்லை, பழைய படியும் புதிய படியைப் போலவே இருக்கும், எனவே மறுவிற்பனை ஆசிரியரின் வருவாயைக் கெடுக்கும் என்பது அதன் வாதம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. என் அகராதி நைந்து போனது, கோப்பு நைவதில்லை. ஆனால் என் மைத்துனர் எதையும் விற்கப் போகவில்லையே! வாங்கியதைப் படிக்கத்தானே கேட்டார்?

சொல்லளவிலேனும் நேர்மை வேண்டும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் செய்திருக்கிறது. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. உரிமத்தை மட்டும் தருகிற கடை, அதனைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்குக’ என்ற சொல்லைப் பொறித்தல் ஆகாது என்பது அதன் சாரம். பூட்டில்லாமல், கடையின் தொடர்பே வேண்டாமல் வைத்துக்கொள்ளத் தக்க கோப்பாகத் தந்துவிட்டால் இவ்விதி பொருந்தாது. தமிழில் இச்சட்டம் செய்வது சற்றுக் கடினம். ‘வாங்குதல்’ என்ற நம் சொல்லே விலைக்கு வாங்குவதையும் குறிக்கும், கடன் வாங்குவதையும் குறிக்கும், இரவல் வாங்குவதையும் குறிக்கும். கடைக்காரர் நம் மொழியின் பின்னே ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தில் வாங்கியவருக்குச் சில பிடிகள் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மின்வணிகம் என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்தில், டிஜிட்டல் பொருள்களையும் அது பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எனவே மின்னூல் வாங்கியவரும் நுகர்வோரே. நியாயமான காரணமின்றி ஒரு தரப்பார் மட்டும் முறித்துக்கொள்ள இடங்கொடுக்கும் ஒப்பந்தம் நியாயமற்ற ஒப்பந்தம் என்றும் அச்சட்டம் சொல்லுகிறது. அதனைப் பற்றிய முறையீடு மாநில ஆணையத்தின் முன் வர வேண்டும். சேவைக் குறைபாட்டைப் பற்றிய முறையீட்டை மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். கடை எங்கிருந்தாலும், முறையிடுபவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம் என்பது இச்சட்டம் செய்த பெரிய நன்மை. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். ரசீது வேண்டும், வாங்கிய நாளில் இருந்த ஒப்பந்தத்தின் படியும் கையிலிருந்தால் நன்று, ஏனெனில் கடைகள் அதனை அவ்வப்போது மாற்றுகின்றன.

பூட்டைத் தாமே உடைத்துக்கொள்ளலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். 2012இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, ஆசிரியரின் உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. மீறும் எண்ணத்தோடு என்ற சொற்களைக் கவனியுங்கள். தம் சொந்தப் படிப்புக்காக நூலை நேர்மையாகக் கையாளுவதை அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு வேறிடத்தில் அனுமதிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்து வழக்கறிஞர்கள் பலவாறு பேசுவர். நான் அவ்வளவு தூரம் போக விரும்பவில்லை. ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லிக் கடை கணக்கையே மூடிவிட்டால், எஞ்சியதும் போய்விடும் அல்லவா?

படி எடுத்து வைப்பதைப் பற்றிப் புதுச்சேரிக்காரருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நம் ஊரின் பெருஞ்செல்வம். அவர் வீட்டில் கிடந்த அந்தச் சுவடிகளை 1846இல் கலுவா மோம்ப்ரேன் என்பவர் கண்டெடுத்துப் படியெடுத்தார். சில ஆண்டுகளில் அரியேல் என்னும் இன்னொரு பிரெஞ்சுக்காரர் தமக்கென்று ஒரு படி எடுத்துக்கொண்டார். அது பாரிசின் தேசிய நூலகம் போய்ச் சேர்ந்தது. மூலத்தில் இடைவெளிகள் உண்டு. ஆயினும், 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக அது வெளிவர முடிந்ததென்றால், மூலம் பிள்ளையவர்கள் வீட்டிலேயே பத்திரமாக இருக்கிறதே என்று அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதே காரணம். ஏட்டுச் சுவடிகளும் அவ்வாறே. ஓலை நைவதற்கு முன் புதிய ஓலையில் எழுதிய கைகள் இல்லையேல், இங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் காக்கப்படும் சைவாகமச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ போற்றியிருக்க இடமேது?

ஆதலால் என் மைத்துனருக்கு நான் சொன்னவற்றுள் பயன்பட்டவற்றை மட்டும் சொல்லுகிறேன். பூட்டில்லாத கோப்பாகத் தரும் கடை இருக்குமாயின் அங்கே வாங்குக. இரண்டு ரூபாய் கூடுதலானாலும் பாதகமில்லை. வாங்கிய அன்றே இறக்கி, வேறிரண்டு தட்டுகளில் படி வைத்துக்கொள்க. நாட்டை மாற்றும் கட்டத்தில் அழுத்துவதற்கு முன் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்க. பிரான்சிலிருந்து ஊர் திரும்பும் நம்மவர் அனைவருக்கும் இதனைச் சொல்லுவேன். கடை மூடப்போவதாக வரும் கடிதத்தை விளம்பரம் என்று எண்ணி ஒதுக்காதீர்கள். பிளைட் வாடிக்கையாளரில் சிலர் அப்படித்தான் ஏமாந்திருப்பார்கள். பழந்தமிழ் நூல்களை 1998 முதல் மதுரைத் திட்டத்தார் பூட்டில்லாமல், விலையுமில்லாமல் தந்து வருகிறார்கள். அவற்றுக்காகக் குத்தகைச் சீட்டு எழுத வேண்டுவதில்லை.

நிற்க. மைத்துனர் இழந்ததாக நான் சொன்ன நூல்களில் பெரும்பாலானவற்றைப் பற்றி அவருக்கு உண்மையில் வருத்தமில்லை. பதினொரு நாவல்களைப் பற்றித்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவை அவர் மனைவியார் படித்தவை. அந்த அம்மையார் பிரெஞ்சு நாவல் படிக்கும்போது, கடினமான சொல் வந்த இடத்திலெல்லாம் தமிழில் பொருள் எழுதி வைப்பார். பேரப் பிள்ளைகள் பின்னர் படிக்கும்போது உதவும் என்பது அவர் எண்ணம். அச்சொற்களும் நம் ஊர்ச் சொற்கள். நாவலை வேறிடத்தில் வாங்கிக்கொள்ளலாம்; குறிப்பை எங்கே வாங்குவது? கடைக்கு மூன்று கடிதம் எழுதினோம். பிரான்சில் முகவரியும் வங்கி அட்டையும் இருந்தால் கணக்கைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்று மிகவும் பணிவாக விடை வந்தது. இரண்டும் அவரிடம் இல்லை.

பிறகு ஒரு நாள் அவர் மகள் தொலைபேசியில் பேசியபோது, தாயாரின் பழைய படிக்கும் கருவி தன் வீட்டு மேசை அறையில் கிடப்பதாகச் சொன்னாள். அவர் மறைந்தது முதல் அதனை யாரும் மின்னேற்றவில்லை. “அம்மா, அதை இணையத்தோடு சேர்த்துவிடாதே! முதலில் வீட்டு இணைப்பை அணைத்துவிடு, பிறகு மின்னேற்று” என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். இணைப்புக் கிடைத்தால் கருவி கடையோடு கணக்குப் பார்க்கும். கடை இல்லையென்று சொன்னதைத் தானும் இல்லையென்று ஆக்கிவிடும் என்பது என் அச்சம்.

கருவி விழித்துக்கொண்டது. பதினொரு நாவல்களும் இருந்தன, குறிப்புகளும் இருந்தன. மகள் இப்போது ஞாயிறுதோறும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, குறிப்புள்ள பக்கங்களைக் கைபேசியால் படம் பிடித்து அனுப்புகிறாள். மைத்துனர் அவற்றைப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் மையால் எழுதுகிறார். சென்ற வாரம் நான் போயிருந்தபோது நான்காவது நாவல் நடந்துகொண்டிருந்தது.